பேராசிரியர்களை அலமாரிக்கு அழைத்துச் செல்லுங்கள்

கேள்வி: தென்மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். தேடும் முறை, மேற்கோள் எழுதும் முறை என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். அது போதவில்லை. சாட்ஜிபிடி சொன்ன, உலகத்திலேயே இல்லாத புத்தகத்தைக் கேட்டு மாணவர்கள் வந்து நிற்கிறார்கள். ஒரு தகவலை யார் உருவாக்குகிறார்கள், யாருக்காக, அதில் யாருடைய குரல் விடுபடுகிறது என்று கேட்கப் பழக்கும் ‘விமர்சனத் தகவல் எழுத்தறிவு’ பற்றிப் படித்தேன். இதை வகுப்பறைக்குக் கொண்டுபோக ஆசிரியர்கள் வேண்டும். அவர்களுக்கோ நூலகம் என்றால் ‘நோ டியூஸ்’ கையெழுத்து மட்டும்தான். போன ஆண்டு நான் வைத்த கூட்டத்துக்குச் சிலர்தான் வந்தார்கள். “சான்றிதழோடு ஒருநாள் பயிலரங்கம் வைத்துவிடுங்கள்” என்கிறார் முதல்வர். “விமர்சனம் என்றால் அரசியலா மேடம்?” என்று ஒரு துறைத்தலைவர் கேட்டார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

மாணவர்களிடம் மட்டும் பேசிப் பயனில்லை என்ற முடிவுக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்தது. நூலகர்களாகிய நாம் மாணவரிடம் ஒரு மணி நேரம் பேசுகிறோம். ஆசிரியர் ஒரு செமஸ்டர் முழுக்கப் பேசுகிறார். அசைன்மென்ட் கொடுப்பவர் அவர், இன்டர்னல் மதிப்பெண் போடுபவரும் அவர். “பஞ்சங்கள் பற்றி ஐந்து பக்கம் எழுதுக” என்று அவர் கேட்டால் மாணவர் ஐந்து பக்கத்தை நிரப்பிக்கொண்டுதான் வருவார். நாம் சொல்லிக்கொடுத்த எதுவும் அந்த ஐந்து பக்கத்துக்குத் தேவைப்படாது.

உங்கள் கூட்டத்துக்கு ஏன் ஆள் வரவில்லை என்று முதலில் பார்ப்போம். ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. பயிற்சி, விழிப்புணர்வு, ஓரியன்டேஷன் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும், “உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லித்தருகிறேன்” என்றுதான் அது காதில் விழும். பி.எச்டி. முடித்து, இருபது ஆண்டு பாடம் நடத்திய ஒருவர் அதற்கு ஏன் வர வேண்டும்? இன்னொரு பக்கம், பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிகளின்படி கல்லூரி நூலகரின் தொடக்க ஊதிய நிலை உதவிப் பேராசிரியருடையதேதான். ஆனாலும் பல கல்லூரிகளில் நம்மை அலுவலகப் பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். அந்த வருத்தம் உங்களுக்கு இருந்தால் அது நியாயமானது. அந்த வருத்தத்தோடு போய், “எனக்கும் தெரியும்” என்று நிரூபிப்பதற்காகக் கூட்டம் போட்டால் மட்டும் காரியம் நடக்காது.

விமர்சனத் தகவல் எழுத்தறிவுக்கு அடித்தளம் போட்டவர்கள் சொன்னதும் இதைத்தான். அறிவு என்பது ஒருவர் மற்றவர் தலையில் போட்டுவைக்கும் வைப்புத்தொகை இல்லை என்று பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே வாதிட்டார். அந்தச் சிந்தனையை நூலகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க நூலகர் ஜேம்ஸ் எல்ம்போர்க். 2006-இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் நீங்கள் குறிப்பிடும் சொல் நூலகர்களிடையே பரவலாகப் புழங்கத் தொடங்கியது. ஃபிரெய்ரேயை மேற்கோள் காட்டிவிட்டு, பவர்பாயின்ட் போட்டு இரண்டு மணி நேரம் ஆசிரியர்களுக்கு உபதேசம் செய்தால் சொன்னதும் செய்ததும் முரண்படும். ஆகவே எல்லோரும் சேர்ந்து படிக்கும் ஒரு சிறு வட்டமாக இதை வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அதில் ஒருவர், அழைப்பவர் நீங்கள், அவ்வளவுதான்.

மூன்று பேர் போதும். வெவ்வேறு துறையாக இருக்கட்டும். தமிழ், வரலாறு, வேதியியல் என்று வைத்துக்கொள்வோம். துறைத்தலைவர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நூலகத்துக்கு வந்து போகிறவர்களில், “இந்தப் பசங்க எழுதுறத பாத்தீங்களா மேடம்” என்று உங்களிடம் வருத்தப்பட்ட ஆசிரியர் யாரென்று யோசியுங்கள். அவர்தான் உங்கள் முதல் ஆள். சுற்றறிக்கை வேண்டாம், நேரில் போய்க் கூப்பிடுங்கள்.

முதல் சந்திப்பில் கட்டுரை எதையும் படிக்கக் கொடுக்காதீர்கள். அவர்களை எழுப்பி அலமாரிக்குக் கூட்டிப்போங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தகவல் ஒழுங்கமைப்புக்குள் ஒரு பார்வை ஒளிந்திருக்கிறது என்று எவ்வளவு பேசினாலும் ஏறாது. புத்தகத்தின் முதுகில் ஒட்டிய எண்ணைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரியும்.

நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்க நம் கல்லூரிகளில் பெரும்பாலும் அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயியின் தசம வகைப்பாடுதான். 1876-இல் அமெரிக்காவில் வெளியானது. இலக்கியத்துக்கு 800. அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கில இலக்கியத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830, பிரெஞ்சுக்கு 840 என்று முழு முழுப் பத்துகள். பிறகு 890 வருகிறது. உலகத்தின் மற்ற மொழிகள் எல்லாம் அதற்குள். தமிழ் இலக்கியம் 894.811. ஆங்கிலக் கவிதை 821-இல் முடிந்துவிடுகிறது, சங்கக் கவிதைக்கு 894.8111 வரை போக வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பேராசிரியரை இந்த அலமாரி முன்னால் நிற்க வைத்து, எதுவும் விளக்காமல், இரண்டு புத்தகங்களின் எண்களையும் வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவரே பேசுவார்.

அடுத்து, சமயங்களுக்கான 200-க்குப் போங்கள். 220 தொடங்கி 280கள் முடிய கிறித்தவம். இந்து சமயம், பௌத்தம், சமணம், இஸ்லாம் என எல்லாவற்றுக்கும் 290களில் இடம். இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. டியூயி யார் மீதும் பகை வைத்து இதைச் செய்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்லூரி நூலகம் ஒன்றில் எந்தப் புத்தகங்கள் நிறைந்திருந்தனவோ, அதற்கு ஏற்ற அமைப்பு இது. அந்த அமைப்பு வேறு நாட்டுக்குப் பயணம் செய்து, நூற்றைம்பது ஆண்டு கழித்தும் நம் அலமாரியில் ‘இயல்பான வரிசை’யாக உட்கார்ந்திருக்கிறது. யார், எங்கிருந்து, எந்தத் தேவைக்காக என்று கேட்கும் பழக்கம் இங்கேயே ஆரம்பித்துவிடும்.

இன்னொன்றையும் அவர்களிடம் சொல்லுங்கள். உள்ளூர் இலக்கியத்துக்கு முன்னுரிமை தர விரும்பும் நூலகம் அதை 810-இல் வைத்துக்கொள்ளலாம் என்று டியூயி விதிகளிலேயே ஒரு மாற்று வழி உண்டு. நாம் ஏன் அதைச் செய்யவில்லை? மைய அட்டவணைகளிலிருந்து எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது எளிது, மற்ற நூலகங்களோடு பொருந்தும் என்று நமக்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். எது நல்லது என்று அவர்கள் வாதிடட்டும். அந்த வாதம்தான் நமக்கு வேண்டியது. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். இருக்கிற வகைப்பாடுகள் போதவில்லை என்று கண்டு 1933-இல் தாமே ஒன்றை வெளியிட்டார். வகுப்பறையிலிருந்து நூலகத்துக்கு வந்த ஒருவர் அலமாரி வரிசையைக் கேள்வி கேட்ட வரலாறு நம் ஊரிலேயே இருக்கிறது. ஆசிரியர்களுக்கு இதைச் சொன்னால் நூலகத்தோடு தங்களுக்கும் ஓர் உறவு இருப்பதாக உணர்வார்கள்.

இரண்டாவது சந்திப்புக்கு ஒரே ஒரு அசைன்மென்ட்டை எடுங்கள். இந்த முயற்சியின் நடு மையம் இதுதான். வரலாற்றுப் பேராசிரியர் தாம் வழக்கமாகக் கொடுக்கும் தலைப்பைக் கொண்டுவரட்டும். நான் சொன்ன பஞ்சத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருடப் பஞ்சம். மாணவர் இணையத்தில் தேடினால் காரணம், விளைவு, பஞ்ச ஆணையம் என்று மூன்று தலைப்பில் கிடைத்துவிடும். அதற்குப் பதிலாக ஆசிரியரும் நீங்களும் சேர்ந்து நான்கு ஆவணங்களை மேசையில் வையுங்கள். அரசாங்கம் அமைத்த பஞ்ச ஆணையத்தின் 1880 அறிக்கை ஒன்று. அப்போது சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878-இல் எழுதிய பஞ்ச வரலாறு ஒன்று. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த, எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்கார வைத்த புகைப்படம் ஒன்று. பஞ்சத்தைப் பாடிய தமிழ்க் கும்மிப் பாட்டு ஒன்று.

இப்போது கேள்விகளை மாற்றலாம். இவற்றில் பட்டினி கிடந்தவர் எழுதியது எது? அந்தப் படத்தில் இருப்பவர்களின் பெயர் ஏன் நமக்குத் தெரியவில்லை? கும்மிப் பாட்டு ஏன் வரலாற்று நூல்களின் அடிக்குறிப்புக்கு வருவதே அபூர்வமாக இருக்கிறது?

இதோடு நிற்காதீர்கள். ‘அரசு ஆவணம் என்றால் பொய், மக்கள் பாட்டு என்றால் உண்மை’ என்ற சுலபமான முடிவுக்கு மாணவர் போய்விடக் கூடாது. அரசுக்குள்ளேயே அன்று பெரிய சண்டை நடந்தது. நிவாரண வேலை செய்பவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் என்ற அளவில் கூலி போதும் என்றார் வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்கு அது போதாது என்று எதிர்த்தார் மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். இரண்டு பேருமே உயர் அதிகாரிகள், இரண்டு பேர் எழுதியதும் அரசு ஆவணம். யாரை நம்புவது, எந்த ஆதாரத்தை வைத்து? ஒருவர் செலவுக் கணக்கைக் கையில் வைத்திருந்தார், மற்றவர் சாவுக் கணக்கைக் கையில் வைத்திருந்தார் என்பது பதிலுக்கு உதவுமா? இப்படி ஒரு கேள்வியோடு அமர்ந்த மாணவருக்குச் சாட்ஜிபிடி கொடுக்கும் ஐந்து பக்கம் போதாது. ஆவணத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். இல்லாத புத்தகத்தைக் கேட்டு வரும் மாணவர்கள் குறைவதற்கும் நான் அறிந்தவரை இதுதான் வழி. கேள்வி மாறாமல் தடை மட்டும் போட்டால் ஒளித்துச் செய்வார்கள்.

உங்கள் பங்கு என்ன என்று இங்கே தெளிவாகிறது பாருங்கள். பஞ்சத்தைப் பற்றி அந்தப் பேராசிரியருக்கு உங்களைவிட அதிகம் தெரியும். எந்த ஆவணம் எங்கே இருக்கிறது, எது இலவசம், எது கட்டணச் சுவருக்குப் பின்னால், எது அச்சேறவே இல்லை, எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் எது மறைந்துபோகும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இரண்டு அறிவும் சேர்ந்தால்தான் அந்த அசைன்மென்ட் உருவாகும். உங்களுக்குச் சமமான இடத்தை யாரும் தனியாக ஒதுக்கித்தர வேண்டியிருக்காது.

வேதியியல் பேராசிரியர், “இதெல்லாம் ஆர்ட்ஸ்காரங்களுக்குச் சரி, எங்களுக்கு டேட்டாதான்” என்று சொல்லக்கூடும். அவரிடம் ஆக்சிமீட்டரைப் பற்றிப் பேசுங்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி விரலில் மாட்டிய கருவி. கறுப்பின நோயாளிகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததை இந்தக் கருவி கவனிக்காமல் விட்டது, வெள்ளையர்களோடு ஒப்பிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. எண் தெளிவாகத்தான் திரையில் தெரிந்தது. யாருடைய தோலில் வைத்துச் சோதித்து அந்த எண்ணுக்கு வந்தார்கள் என்பதுதான் கேள்வி. அறிவியல் ஆசிரியருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

எல்லாத் துறைக்கும் பொதுவாக இன்னொரு வாசல் இருக்கிறது. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொல்லும் யுஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அதுவரை, எந்த இதழில் எழுதலாம் என்பதற்குப் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். இப்போது சில அளவுகோல்களைக் கொடுத்து, இதழின் தரத்தை ஆசிரியர்களும் கல்வி நிறுவனங்களுமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும், காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்கள் தினமும் மின்னஞ்சல் அனுப்புகின்றன. இந்தக் கவலை உங்கள் கல்லூரியில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் இருக்கும். ஒரு சந்திப்பை இதற்கே ஒதுக்குங்கள். போலி இதழை அடையாளம் காண்பதோடு நிறுத்தாமல் அடுத்த கேள்விக்கும் போங்கள். தரம் என்பதை யார் முடிவுசெய்கிறார்கள்? ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தை நடத்தும் எல்ஸ்வியர், தானே ஒரு பெரிய இதழ் வெளியீட்டு நிறுவனம். தமிழில் நடக்கும் நல்ல ஆய்விதழ் அங்கே இடம்பெறுவது அரிது. அப்படியானால் அங்கே இல்லாத தமிழ் ஆய்வு தரம் குறைந்ததா? தமிழ்த்துறை ஆசிரியர் பல ஆண்டாக மனதில் வைத்திருக்கும் கேள்வி இது. வேதியியல் ஆசிரியர் அதை முதன்முறையாகக் கேட்பார். வட்டத்தில் வெவ்வேறு துறைகள் வேண்டும் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தையும் இதே வரிசையில் பேசலாம். 2025 ஜனவரியில் தொடங்கியது, மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 வெளியீட்டாளர்களின் சுமார் 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கிறது, சுயநிதிக் கல்லூரி மாணவருக்கு முதல் கட்டத்தில் இல்லை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது மூன்று பன்னாட்டுப் பதிப்பகங்கள் 2012-இல் தொடுத்த வழக்கும், பாடத்துக்காகப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பது காப்புரிமை மீறல் ஆகாது என்று 2016-இல் உயர் நீதிமன்றம் சொன்னதும் வணிகவியல் ஆசிரியருக்கு நல்ல விவாதப் பொருள். மாணவர், ஆசிரியர் அமைப்புகள் அந்த வழக்கில் தாமாகப் போய்ச் சேர்ந்துகொண்டன என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

இனி அந்தத் துறைத்தலைவரின் கேள்விக்கு வருகிறேன். அது அரசியலா? மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். கட்சி அரசியல் இல்லை. ஆனால் எது அறிவு, யார் அறிஞர், எந்தச் சொல்லால் ஒரு மக்களை அழைப்பது என்பதில் அதிகாரம் இருக்கிறது, அதைப் பேசாமல் இருக்க முடியாது. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் மாணவர்கள் நூலக அட்டவணையில் தேடும்போது, ஆவணமில்லாமல் குடியேறியவர்களைச் ‘சட்டவிரோத அந்நியர்கள்’ என்ற பொருள் தலைப்பின் கீழ் வைத்திருப்பதைக் கண்டார்கள். அவர்களில் சிலருக்கு அது தங்கள் குடும்பத்தைப் பற்றிய சொல். கல்லூரி நூலகர்கள் அவர்களுக்குத் துணை நின்றார்கள். 2014-இல், அந்தப் பொருள் தலைப்புகளை வகுக்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு மனு போனது. 2016-இல் மாற்றுவதாக நூலகம் அறிவித்தது, நாடாளுமன்ற உறுப்பினர்கள் குறுக்கிட்டார்கள், கடைசியில் 2021-இல்தான் தலைப்பு மாறியது. ஓர் அட்டவணைச் சொல்லுக்காக நாடாளுமன்றம்வரை சண்டை நடக்கிறது என்றால், அட்டவணை வெறும் அலுவலக வேலை இல்லை. இதைத் துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டு, அவருடைய பாடத்தில் இப்படி ஒரு சொல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். வட்டத்தில் மறுத்துப் பேசுகிற ஒருவர் இருப்பது நல்லதுதான், அவரை விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவையும் செய்வதற்கு முன் நம் வீட்டுக் கணக்கைத் திறந்து வைக்க வேண்டும். கல்லூரி நூலகத்துக்குப் புத்தகம் எப்படி வாங்குகிறோம்? எந்த விற்பனையாளர் கொண்டுவந்து கொடுத்த பட்டியல்? எந்தத் துறை கேட்டால் உடனே வருகிறது, எந்தத் துறையின் பட்டியல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது? பெண்கள் எழுதியவை, தலித் எழுத்தாளர்கள் எழுதியவை, இந்த மாவட்டத்தைப் பற்றியவை எத்தனை? நூலகத்துக்கு வந்த புத்தகங்களைப் பதியும் அக்சஷன் ரெஜிஸ்டரை எடுத்து ஒரு சந்திப்பில் நடுவில் வையுங்கள். எல்லாருடைய தகவலையும் கேள்வி கேட்கச் சொல்லும் நாம் நம்முடையதை மட்டும் பூட்டிவைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் ஆசிரியர்கள் தங்கள் வினாத்தாளையும் பாடத்திட்டத்தையும் உங்கள் முன்னால் திறந்துவைக்கத் துணிவது அதற்குப் பிறகுதான்.

முதல்வர் கேட்கும் பயிலரங்கத்தை மறுக்காதீர்கள். ஆண்டுக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்துச் சால்வை போர்த்துவதை விட்டுவிட்டு, உங்கள் வட்டத்து ஆசிரியர்கள் தாங்கள் மாற்றிய அசைன்மென்ட்டையும், மாணவர் எழுதிக்கொண்டுவந்ததையும் மற்ற ஆசிரியர்களுக்குக் காட்டட்டும். சான்றிதழும் கொடுங்கள், பதவி உயர்வுக் கோப்பில் அவர்களுக்கு அது தேவைப்படுகிறது. கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசிக்கு ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் அரைப்பக்கக் குறிப்பு கொடுத்துவிட்டால் நாக் தர மதிப்பீட்டுச் சமயத்தில் யாரும் அலைய வேண்டியதில்லை.

முனைவர் பட்ட மாணவர்கள் உங்கள் கல்லூரியில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு நெறிமுறை என்ற இரண்டு கிரெடிட் பாடத்தை யுஜிசி அவர்களுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது. போலி இதழ், திறந்த அணுக்கம் (கட்டணமின்றிப் படிக்கக் கிடைப்பது), தரவுத்தளங்கள் எல்லாம் அதிலேயே வருகின்றன. அதை நடத்தும் பேராசிரியரிடம் போய், சில வகுப்புகளைச் சேர்ந்து எடுக்கலாமா என்று கேளுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் நிம்மதியோடு சரி என்பார்கள்.

படிப்பதற்கு ஏதாவது வேண்டும் என்று அவர்களே கேட்கும் நாள் வரும். அப்போது அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2015-இல் வெளியிட்ட தகவல் எழுத்தறிவுச் சட்டகத்தைக் கொடுங்கள். அதில் ஆறு கருத்துகள் இருக்கின்றன. ‘அதிகாரம் என்பது உருவாக்கப்படுவது, சூழலைச் சார்ந்தது’ என்ற ஒன்றை மட்டும் எடுங்கள். அந்த இரண்டு பக்கத்தை நீங்களே தமிழில் சுருக்கி எழுதிக்கொண்டு போய், அங்கேயே உட்கார்ந்து சேர்ந்து வாசியுங்கள். வீட்டில் படித்துவிட்டு வாருங்கள் என்றால் யாருக்கும் நேரம் இருக்காது. அந்தச் சட்டகம் வேறு நாட்டில் எழுதியது, நம் வகுப்பறைக்கு எது பொருந்தும் எது பொருந்தாது என்பதையும் அங்கேயே பேசிவிடுங்கள்.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், செமஸ்டர் திறந்து அட்மிஷன் பரபரப்பு அடங்கிய பிறகு, முதல் இன்டர்னல் தேர்வுக்கு முன்னால். அதற்குள் அந்த மூன்று ஆசிரியர்களின் பாடத்திட்டத்தையும் போன ஆண்டு வினாத்தாள்களையும் வாங்கிப் படித்துவிடுங்கள். வரலாற்றுத் துறையில் தாது வருடப் பஞ்சம் பாடத்தில் இல்லாவிட்டால், அந்த மாவட்டத்தில் நடந்த வேறு எதுவும் பொருந்தும். ஆவணங்களைத் தேடுவதில் சிக்கல் வந்தால் எனக்கு எழுதுங்கள், எங்கே கிடைக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.